அமைச்சர் ட்விட்டரில் அறிவித்தால் அது அரசாணை ஆகிவிடுமா?

ஆகாது. முதல்வரே எக்ஸ் தளத்தில் அறிவித்தாலும் அது அறிவிப்புதான். மாநில அரசின் நிர்வாக நடவடிக்கைகள் ஆளுநர் பெயரில் வெளிவர வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 166ஆவது பிரிவு. தமிழ்நாட்டு அரசாணை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மேலே துறையின் பெயர், அரசாணை எண், நாள், கடைசியில் ‘(ஆளுநரின் ஆணைப்படி)’ என்ற வரி, அதன்கீழ் செயலாளர் பெயர். அது வரும்வரை, அறிவிப்பை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அரசாணை வந்ததா என்று தெரிய, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் நிறைவேற்றவில்லை?” என்று கேட்டால் மனு வீண், காரணம் சொல்வது அவர் வேலையல்ல, இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் வேலை. “இன்ன தேதியில் அறிவித்த திட்டத்தின் அரசாணை நகல்” என்று கேளுங்கள்.

வாக்குறுதியை வைத்தே வழக்குப் போட முடியுமா? ஏழைகளின் வாடகையை அரசு தரும் என்று 2020இல் டெல்லி முதல்வர் பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்னதை, 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அரசைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதியாகவே ஏற்றார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. ஆகவே அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

அவதூறு, வெறுப்புப் பேச்சு என்று வந்தால் கணக்கே வேறு. அமைச்சர் சொன்னதை அரசே சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கௌஷல் கிஷோர் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியானால் பதில் சொல்ல வேண்டியவர் பதிவிட்டவர்தான். “ஃபார்வர்டு தானே செய்தேன்” என்பதும் எடுபடாது, எஸ்.வி.சேகர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பெரும்பாலோர் கோட்டை விடுவது சாட்சியத்தில். டைம்லைனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் ‘3 மணி நேரம்’ என்று மட்டும் இருக்கும். தேதியும் இருக்காது, இணைப்பும் இருக்காது. பதிவைத் தட்டித் தனிப் பக்கமாகத் திறவுங்கள், முழுத் தேதியும் நேரமும் தெரியும். முகவரிப் பட்டையும் தெரியும்படி திரையை வீடியோவாகப் பதியுங்கள். இணைப்பைத் தனியாக எழுதி வையுங்கள். இணைய ஆவணக் காப்பகம் ஒன்றிலும் பக்கத்தைச் சேமியுங்கள். கோப்புக்கு உடனே ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போல, மென்பொருள் கணக்கிட்டுத் தரும் நீண்ட எண்) எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால்கூட அது சுருங்கி ஹாஷ் மாறும் என்பதால் அசலைத் தொடாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது இணைக்கும் சான்றிதழில் இந்த ஹாஷைக் குறிப்பிட வேண்டும். அதில் அ பகுதியை நீங்களும், ஆ பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். சான்றிதழ் இல்லாத நகலை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே ஆட்சேபிப்பார். பதிவு எடுத்த போனை வழக்கு முடியும்வரை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள்.

பதிவைப் பார்த்த அன்றே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். சர்ச்சை கிளம்பியதும் முதலில் காணாமல் போவது அந்தப் பதிவுதான்.