காஷ்மீர் குல்மார்க்ல அப்பர்வட் மலையில ஸ்கீ பண்ணப் போறீங்களா? பனிச்சரிவு பத்திக் கேட்ட கேள்விகளும் என் பதிலும்

கோண்டோலா (ரோப் கார்) ரெண்டாவது கட்டம் ஏறி, ஸ்கீ பேட்ரோல் ஆளுங்க கண்காணிக்கற எல்லைக்கு வெளியே போறவங்க கேட்டது இதெல்லாம்.

கேள்வி: அண்ணா, மூணு நாளா பனியே விழல, நல்ல வெயில். தைரியமா போலாம்ல?

பதில்: காத்து அடிச்சுதான்னு முதல்ல சொல்லுங்க தம்பி. புதுசா ஒண்ணுமே விழலைன்னாலும், காத்து ஒரு பக்கத்துப் பனியை அள்ளி முகட்டுக்கு அந்தப் பக்கம், காத்து படாத இடத்துல கொண்டுபோய்க் கொட்டிடும், வானத்துல இருந்து விழறதைவிடப் பல மடங்கு வேகமா சேரும். தூளா உடைஞ்சு வர்றதால நெருக்கமா அடைஞ்சு கெட்டியாகிடும், இதான் விண்ட் ஸ்லாப். நீல வானத்தைப் பாத்து ஏமாறக் கூடாது.

கேள்வி: பாத்தா தெரியுமா?

பதில்: ஓரளவு தெரியும். முகட்டு விளிம்புல கூரை மாதிரி நீட்டிட்டிருக்கற பனி, அதாவது கார்னிஸ், எந்தப் பக்கம் துருத்திட்டிருக்கோ அந்தப் பக்கம்தான் பனி சேந்திருக்கு. அங்க மொழுமொழுன்னு உப்பலா இருக்கும், கம்பால தட்டினா உள்ள வெத்தா இருக்கற சத்தம் வரும். ஸ்கீ முனையில இருந்து விரிசல் ஓடினாலோ, காலடியில 'வும்ப்'னு அமுங்கினாலோ அதுக்கப்புறம் விவாதமே வேண்டாம், சரிவான இடத்தை விட்டு விலகி வந்துடுங்க.

கேள்வி: அக்கா ஒருத்தங்க பனிக்குள்ள வீக் லேயர், பலவீனமான அடுக்குன்னு சொன்னாங்க, அது எப்படி வருது?

பதில்: இதைத்தான் நிறைய பேர் கண்டுக்கறதில்ல. சீசன் ஆரம்பத்துல பனி மெல்லிசா இருக்கும், தரை கிட்ட கிட்டத்தட்ட 0 டிகிரி, மேல ராத்திரி கடும் குளிர். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா கீழேருந்து நீராவி மேல ஏறி ஏறி, பனித்துகள் எல்லாம் கோணலா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அஸ்கா சர்க்கரை மாதிரி ஆகிடும். விண்ட் ஸ்லாப் தனியா இருந்தா பெரும்பாலும் சில நாள்ல செட் ஆகிடும், ஆனா அடியில இந்த லேயர் இருந்தா வாரக்கணக்கா, சில சமயம் சீசன் முழுக்க ஆபத்து அப்படியே காத்திருக்கும். வெயில் படாத வடக்குச் சரிவுல இன்னும் மோசம்.

கேள்வி: குழி வெட்டி டெஸ்ட் பண்ணா போதுமா சார்?

பதில்: 30க்கு 90 சென்டிமீட்டர் அளவுல பனியைத் தனியா வெட்டி, ஒரு ஓரத்துல மண்வெட்டியை வெச்சு, அது மேல கையை மணிக்கட்டுலேருந்து ஆட்டி 10, முழங்கையிலேருந்து 10, தோள்லேருந்து 10 தட்டு. விரிசல் மறுமுனை வரைக்கும் ஓடினா போகாதீங்க. ஓடலைன்னா அது அனுமதி இல்ல, பத்தடி தள்ளி வேற மாதிரி இருக்கலாம்.

கேள்வி: ஏற்கனவே நாலு பேர் இறங்கின தடம் இருக்கே?

பதில்: அஞ்சாவது ஆள் பாறை ஓரத்துல ஸ்லாப் மெல்லிசா இருக்கற இடத்தை மிதிச்சா மொத்தமும் கிளம்பும். 2023 பிப்ரவரி 1 அன்னைக்கு அப்பர்வட்ல ரெண்டு போலந்துக்காரங்க பனிச்சரிவுல இறந்து போனாங்க, 2024 பிப்ரவரி 22ல குல்மார்க்ல ஒரு ரஷ்யர். தடத்தை நம்பி தயவுசெஞ்சு இறங்காதீங்க.

கேள்வி: பீக்கன் (பனியில புதைஞ்சவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பற கருவி) வாங்கினா சரியா?

பதில்: பீக்கன், புரோப் (பனிக்குள்ள குத்திப் பாக்கற நீளமான கம்பி), மண்வெட்டி மூணும் எல்லார்கிட்டயும் இருக்கணும், பழகியும் இருக்கணும். புதைஞ்சவர் உயிரோட கிடைக்கற வாய்ப்பு முதல் 10, 15 நிமிஷத்துக்கப்புறம் சடசடன்னு குறையுது, கீழேருந்து ஆள் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

கேள்வி: டிஜிஆர்இ (பனிச்சரிவு எச்சரிக்கை கொடுக்கற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம்) எச்சரிக்கை பாத்தா போதாதா?

பதில்: கண்டிப்பா பாருங்க, ஆனா அது மாவட்ட அளவுல சொல்றது, நீங்க நிக்கற சரிவுல நேத்து ராத்திரி காத்து என்ன பண்ணுச்சுன்னு அதுல இருக்காது. சந்தேகம்னா 30 டிகிரிக்குக் கம்மியான சரிவுல, தலைக்கு மேல செங்குத்தான சரிவு எதுவும் இல்லாத இடமா பாத்து இறங்குங்க.