பிரிட்ஜ் வாங்கும் முன் நெக்கை அளந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் செய்யும் மின் கிட்டார்

கேள்வி: மின் கிட்டாருக்கு பாடியை நானே மரத்தில் வெட்டப் போகிறேன். நெக் (கழுத்துப் பகுதி) மட்டும் தயாராக வாங்கிவிட்டேன், ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) 648 மி.மீ. ஹார்ட்டெயில் (பாடியில் அசையாமல் திருகப்படுவது), டியூன்-ஓ-மேட்டிக் (இரண்டு தூண்களில் நிற்பது), ட்ரெமோலோ (கைப்பிடியால் அசைப்பது) ஆகிய மூன்றில் எந்த பிரிட்ஜை (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) வாங்கலாம்?

பதில்: முதலில் ஓர் அளவு எடுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நெக்கை அதன் குழியில் உட்கார வையுங்கள். குழி இன்னும் வெட்டவில்லை என்றால் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் காகிதத்தில் வரைந்துகொண்டால் போதும். ஃப்ரெட்டுகளின் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேல் நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, பிரிட்ஜ் வரப்போகும் இடம்வரை நீட்டுங்கள். பட்டையின் அடிப்பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியோடு 3 மி.மீ. கூட்டுங்கள். சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு துண்டு) தந்தி நிற்க வேண்டிய உயரம் அதுதான். 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி ஒன்றரை முதல் 2 மி.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். அந்த ஃப்ரெட் பாதி வழியில் இருப்பதால் பிரிட்ஜ் பக்கம் உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதற்காகத்தான் இந்த 3.

நெக்கின் அடிப்பகுதி 25 மி.மீ. தடிமன், குழி 16 மி.மீ. ஆழம் என்றால் விரல்பலகை பாடிக்கு மேல் 9 மி.மீ. நிற்கும். ஃப்ரெட்டுக்கு 1, மேலே சொன்ன 3, ஆக 13 மி.மீ. ஹார்ட்டெயில் இதைச் சுலபமாக எட்டும். டியூன்-ஓ-மேட்டிக்கை அடியோடு இறக்கினாலும் பொதுவாக 17 மி.மீ. அளவில்தான் நிற்கும். அது நெக்கைப் பின்பக்கம் சாய்த்துப் பொருத்தும் கிட்டார்களுக்கு உரிய பிரிட்ஜ். கிப்சன் அதை லெஸ் பால் கஸ்டமில் 1954இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ட்ரெமோலோவோடு வந்தது, அதில் நெக் சாய்வில்லை. இரண்டு மரபையும் கலந்தால் உயரம் ஒத்துவராது.

வளைவையும் பாருங்கள். ஹார்ட்டெயிலில் ஆறு சேடிலையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம் என்பதால் எந்த விரல்பலகைக்கும் பொருந்தும். டியூன்-ஓ-மேட்டிக்கின் வளைவு மாறாதது, பெரும்பாலும் 12 அங்குல ஆரம். உங்கள் விரல்பலகை 7.25 அங்குல ஆரமாக இருந்தால், ஓரத் தந்திகளைச் சரியான உயரத்தில் வைக்கும்போது நடுத் தந்திகள் ஃப்ரெட்டில் உரசி இரையும்.

முதல் கிட்டாருக்கு என் ஓட்டு ஹார்ட்டெயிலுக்குத்தான். குழி தோண்ட வேண்டியதில்லை, சில திருகாணிகளோடு வேலை முடிந்துவிடும்.

கேள்வி: ஹார்ட்டெயிலிலேயே தந்தி இடைவெளி 52.5, 56.4 என்று இரண்டு அளவு இருக்கிறதே?

பதில்: முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே உள்ள தூரம் அது. நெக்கின் கடைசி ஃப்ரெட் அருகே அகலத்தை அளந்தால் விடை கிடைக்கும். நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் குழி வெட்டிய பட்டை) இந்தத் தூரம் 35 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 648 ஸ்கேலில், 56.4 பிரிட்ஜ் போட்டால் 22ஆவது ஃப்ரெட்டில் தந்திகள் 50 மி.மீ.க்குச் சற்று மேல் விரிந்திருக்கும். அங்கே நெக் 56 மி.மீ. அகலம் என்றால் பக்கத்துக்கு 2.8 மி.மீ. மிஞ்சும், அது போதும். நெக் 54தான் என்றால் 1.8தான் மிஞ்சும். முதல் தந்தியை இழுத்து வாசிக்கும்போது அது விளிம்பைத் தாண்டி நழுவும். அந்த நெக்குக்கு 52.5 வாங்குங்கள்.

கேள்வி: பிரிட்ஜை எங்கே வைப்பது? கடையில் சொன்ன ஸ்கேல் அளவை நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், நீங்களே அளந்துவிடுங்கள். நட்டின் விரல்பலகைப் பக்க விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டின் உச்சி நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 324 வந்தால் ஸ்கேல் 648.

அடுத்து, முதல் தந்தியின் சேடிலை நட் பக்கமாக முன்னே தள்ளி, 2 மி.மீ. மட்டும் மிச்சம் விடுங்கள். அந்தச் சேடிலில் தந்தி தொடும் புள்ளி நட்டிலிருந்து 648இல் விழும்படி பிரிட்ஜை வையுங்கள். ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு சுருதி ஏறும். அதை ஈடுகட்ட எல்லாச் சேடிலும் கொஞ்சம் பின்னே போகவேண்டி வரும். தடித்த தந்தி விறைப்பு அதிகம் என்பதால் ஆறாவது சேடில் முதல் சேடிலைவிட 3 முதல் 5 மி.மீ. பின்னால் போய் நிற்கும். சேடில் அத்தனை தூரம் நகர்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்தே வாங்குங்கள். டியூன்-ஓ-மேட்டிக்கில் இந்த நகர்வு குறைவு. அதனால்தான் அதன் இரண்டு தூண்களில் தடித்த தந்திப் பக்கத்துத் தூணைச் சுமார் 3 மி.மீ. பின்னே தள்ளிச் சாய்வாக நடுகிறார்கள்.

பக்கவாட்டில் வைப்பதற்கு பாடியில் வரைந்த நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். நெக் குழி அரை டிகிரி திரும்பியிருந்தாலே பிரிட்ஜ் அருகே 2 மி.மீ.க்கு மேல் விலகிவிடும். நெக்கைத் திருகாணியால் பாடியில் பொருத்திய பிறகு, நட்டின் இரண்டு ஓரக் குழிகளிலிருந்து சேடில் வரை மெல்லிய நூல் இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் விரல்பலகையின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் இருக்கும்வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். அதற்கப்புறம்தான் துளை. துளை, திருகாணியின் மரைக்கு உள்ளே இருக்கும் தண்டின் தடிமன் இருக்கட்டும். மரையில் மெழுகு தடவுங்கள். கடின மரத்தில் மெழுகில்லாமல் முறுக்கினால் தலை முறிந்து தண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஆறாவது சேடிலைக் கடைசிவரை பின்னே இழுத்தும் 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி ஏறியே நிற்கிறது.

பதில்: பழைய தந்தி என்றால் அதை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் ஏறினால் பிரிட்ஜ் நட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சேடிலுக்குப் பின்னால் உள்ள சுருளை (ஸ்பிரிங்) பாதியாக வெட்டினால் 1 அல்லது 2 மி.மீ. கிடைக்கலாம். அதுவும் போதாவிட்டால் பழைய துளைகளில் கடின மரக் குச்சியைப் பசையோடு அடித்து, காய்ந்த பின் பிரிட்ஜைப் பின்தள்ளிப் புதிதாகத் துளையிடுங்கள். மரப்பொடிக் கலவை அடைத்தால் திருகாணி நிற்காது.

கேள்வி: டியூன்-ஓ-மேட்டிக் வாங்கியாகிவிட்டது. முழுக்க இறக்கியும் தந்தி உயரமாகவே இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நெக் குழியில், பிரிட்ஜ் பக்க ஓரத்தில் மெல்லிய ஆப்பு வைத்து நெக்கைப் பின்னே சாய்க்கலாம். வழக்கமான நீளமுள்ள குழியில் 0.5 மி.மீ. ஆப்பு, விரல்பலகையின் நேர்கோட்டைப் பிரிட்ஜ் அருகே சுமார் 1.7 மி.மீ. உயர்த்தும். 4 மி.மீ. வேண்டுமென்றால் 1.2 மி.மீ. ஆப்பு. ஓரத்தில் மட்டும் ஒரு துண்டைச் செருகாமல், குழியின் நீளம் முழுக்கச் சரிவாக இழைத்த ஆப்பாகப் போடுங்கள். வெறும் துண்டு என்றால் நடுவே வெற்றிடம் விழுந்து, நாளடைவில் நெக்கின் முனை மேலே வளையும்.

கேள்வி: எனக்கு ட்ரெமோலோ கட்டாயம் வேண்டும். ஃப்ளாய்ட் ரோஸ் (தந்திகளைப் பூட்டிப் பிடிக்கும் ட்ரெமோலோ) போடலாமா?

பதில்: முதல் முயற்சிக்கு வேண்டாம். நட்டையும் மாற்ற வேண்டும், குழிகளும் துல்லியமாக அமைய வேண்டும். ஆறு திருகாணி வைத்த பழைய பாணி ட்ரெமோலோ போதும். பாடி 45 மி.மீ. தடிமன் இருக்கட்டும். 38க்கு இழைத்துவிட்டால் ட்ரெமோலோவின் அடியில் இருக்கும் வழக்கமான இரும்புக் கட்டை பின்னால் துருத்தும், குட்டைக் கட்டை தேட வேண்டிவரும்.

மிதக்கும் ட்ரெமோலோ ஒரு தராசு. ஒரு தட்டில் தந்திகளின் இழுப்பு, மறு தட்டில் பின்பக்கச் சுருள்கள். ஆறாவது தந்தியை மட்டும் ஒரு சுரம் இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறிவிடும், ஒரு தந்தி அறுந்தால் எல்லாமே கலையும். தொடக்கத்தில் ஐந்து சுருளும் மாட்டி, பிரிட்ஜ் பாடியில் படியும்வரை, சுருள்களை இழுத்துப் பிடிக்கும் திருகாணிகளை முறுக்கிவிடுங்கள். தந்தியைத் தாழ்த்த மட்டும் கைப்பிடி உதவும், சுருதி நிற்கும். பழகியபின் இரண்டு சுருளைக் கழற்றி மிதக்க விடலாம்.

கேள்வி: தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.

பதில்: பிரிட்ஜுக்கு எர்த் இல்லை. கம்பியின் முனையை 2 செ.மீ. உரித்து பிரிட்ஜ் தகட்டின் அடியில் நசுங்கும்படி வைத்து, மறு முனையை வால்யூம் பாட்டின் (ஒலியளவுக் குமிழுக்கு அடியில் உள்ள மின் பாகம்) முதுகில் பற்றவையுங்கள். தந்திக்கும், கேபிள் செருகும் ஜாக்கின் வெளி வளையத்துக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறக்குறைய 0 ஓம் காட்ட வேண்டும். டியூன்-ஓ-மேட்டிக் என்றால், தந்தி கட்டும் பட்டையின் தூண் துளைக்குள் கம்பியை விட்டுவிட்டு அப்புறம்தான் தூணின் குழலை அடிக்க வேண்டும்.

கேள்வி: தந்தியை பாடிக்குள் நுழைத்துப் பின்பக்கம் மாட்டினால் நாதம் நீளுமாமே?

பதில்: அதை நம்பிப் பிரிட்ஜ் தேர்ந்தெடுக்க வேண்டாம். காதுக்குத் தெரியும் வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். கையில் பிடித்த ட்ரில்லால் 45 மி.மீ. மரத்தைத் துளைத்தால் முனை விலகும், பின்பக்கத்தில் தந்திகளைப் பிடிக்கும் ஆறு வளையங்களும் கோணலாக வரிசை கட்டும். நிலை ட்ரில் இருந்தால் செய்யுங்கள். அப்போதும் முன்னிருந்து பாதி, பின்னிருந்து பாதி என்றே துளையுங்கள்.