பிரிண்டில் நிறம் மாறுகிறது, வெப்சைட்டுக்கு ஆள் வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: காரைக்குடியில் வீட்டில் வைத்தே கண்டாங்கிச் சேலை விற்கிறேன். படங்களை நானே போனில் எடுக்கிறேன். போனில் பளிச்சென்று தெரியும் படம், ஏ4 அளவில் பிரிண்ட் போட்டால் மங்கி, நிறம் மாறி வருகிறது. அரக்குச் சிவப்பு ஆரஞ்சு மாதிரி தெரிந்ததால் வாங்கிய ஒருவர் சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெப்சைட் தொடங்கி ஆறு மாதமாகிறது, ஆர்டர் அதிகம் இல்லை. கார்டு, ஆல்பம் அச்சடிக்கலாமா? விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா?

பதில்: திரும்பி வந்த சேலையிலிருந்தே தொடங்குவோம். பிரிண்ட் ஒரு பிரச்சினை, வெப்சைட் வேறு பிரச்சினை என்று நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. தொட்டுப் பார்க்க முடியாத பொருளைப் படத்தை நம்பித்தான் வாங்குகிறார்கள். அந்தப் படத்தைச் சரி செய்யாமல் விளம்பரத்துக்குப் பணம் போட்டால், திரும்பி வரும் சேலைகளின் எண்ணிக்கைதான் கூடும்.

முதலில் வெளிச்சம். டியூப்லைட்டும் ஜன்னல் வெயிலும் கலந்த இடத்தில் எடுத்தால் சேலையின் ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் மஞ்சளும் ஏறும். அதைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுதாகச் சரி செய்ய முடியாது. உங்கள் ஊரில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. முற்றம் வைத்த பழைய வீடு கிடைத்தால், காலை பத்து மணி வாக்கில் முற்றத்தின் நிழல் பக்கத்தில் சேலையை விரியுங்கள். மேலே திறந்த வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் சீராக இருக்கும், நிழல் கடுமையாக விழாது. விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சேலையை விரித்து எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பார்க்க அழகுதான். ஆனால் சிவப்பும் பச்சையுமான தரை தன் நிறத்தைத் துணியின் மேல் தெறிக்கும்; தரையின் பூவேலை சேலைக் கட்டத்தோடு போட்டியும் போடும். அப்படி ஒரு படம் முகப்புக்கு இருக்கட்டும். நிறம் காட்டும் படத்துக்கு வெள்ளைச் சுவரோ வெளிர் சாம்பல் துணியோ பின்னால் இருப்பது நல்லது.

கேமரா கடைகளில் சாம்பல் நிற அட்டை கிடைக்கும், கிரே கார்டு என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கத் தொடங்கும்போதும் முதல் படத்தில் அதைச் சேலையின் மேல் வையுங்கள். பிறகு ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியில், ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தால் ஏறிய நிறத்தைச் சரிசெய்யும்) பகுதியில் அந்த அட்டையைத் தொட்டால் நிறம் நேராகும். அதே திருத்தத்தை அதே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் போடலாம்.

அடுத்து அந்த அரக்குச் சிவப்பு. அடர்ந்த சிவப்பு கேமராவுக்கு எப்போதுமே சிரமம். கேமரா எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் பதிவு செய்கிறது. சிவப்பின் அளவு மட்டும் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும், அதற்கு மேல் பதிவாகாது. பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் சிவப்பு ஆரஞ்சாகச் சாய்கிறது, நூல் இழையும் மறைந்து சாயம் பூசிய தாள் போல ஆகிறது. போனில் சேலையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து, படத்தைச் சற்று இருட்டாக எடுங்கள். இருட்டைப் பிறகு ஏற்றலாம், தொலைந்த இழையை மீட்க முடியாது. கண்டாங்கியின் கடுகு மஞ்சளுக்கும் இதே கவனம் வேண்டும்.

கட்டம் போட்ட சேலைக்கு இன்னொரு தொல்லை உண்டு. நெருக்கமான கட்டத்தைத் தூரத்தில் நின்று எடுத்தாலோ, பெரிய படத்தைத் திடீரென்று சுருக்கினாலோ, சேலையில் இல்லாத அலை அலையான கோடுகள் தெரியும். பார்ப்பவர் அதை நெசவுக் குறை என்று நினைத்துவிடுவார். ஓரடி முன்னே வந்தோ, கோணத்தைக் கொஞ்சம் திருப்பியோ எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

சரி, இனி பிரிண்ட். நீங்கள் கடைக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல்தான் மிஞ்சும். கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அப்படிப் பார்த்தால் 1600 பிக்சல், ஐந்து அங்குலத்துக்குத்தான் காணும். நீங்கள் கேட்பதோ ஏ4, அதாவது 2480க்கு 3508 பிக்சல். மங்காமல் என்ன செய்யும்? 12 மெகாபிக்சல் போன் எடுக்கும் 4000க்கு 3000 பிக்சல் படம் ஏ4க்குத் தாராளமாகப் போதும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். கடை வாசலில் கட்டும் ஃபிளெக்ஸுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். எட்டி நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு 100 பிக்சலே போதும்.

போன் படம் 4:3 விகிதம், 4க்கு 6 அங்குல பிரிண்ட் 3:2. கடைக்காரர் கேட்காமலே இரண்டு ஓரங்களை வெட்டுவார். வெட்டுப்படுவது அநேகமாகக் கரையோ முந்தியோவாக இருக்கும். எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள்.

திரை தானே ஒளி விடுகிறது, தாள் விடாது. அதனால் எந்தப் பிரிண்டும் திரையைவிட இருட்டாகத்தான் தெரியும். போனில் விவிட் என்ற நிற அமைப்பை மாற்றி நேச்சுரல் போன்றதை வையுங்கள், வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், அப்புறம் படத்தைத் திருத்துங்கள். ஃபோட்டோ லேபுக்குக் கொடுக்கும் படம் எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்கும் லேப்களுக்கும் பொதுவான நிற அமைப்பில் இருக்கட்டும். கடையில் ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று சொல்லுங்கள்; லேப் மெஷின் தானாகத் திருத்தினால் உங்கள் உழைப்பு அத்தனையும் வீண். ஒரே ஒரு 4க்கு 6 பிரிண்ட் போட்டு, அதையும் சேலையையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பருத்திக்கு மேட் தாள், அதாவது பளபளப்பில்லாத தாள்தான் என் தேர்வு. பளபளப்புத் தாளில் கண்டாங்கி பட்டு மாதிரி தெரியும், அதுவும் ஒருவகையில் பொய்தான்.

ஆல்பம் வேண்டாம். இருப்பு மாறிக்கொண்டே இருக்கும் கடைக்கு அது சீக்கிரம் பழசாகிவிடும். கார்டு போடலாம்: 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், ஒரு பக்கம் ஒரே ஒரு சேலைப் படம், மறு பக்கம் முகவரியும் கியூஆர் கோடும். இருநூறு முந்நூறு கார்டுக்கு உள்ளூர் டிஜிட்டல் பிரிண்டே லாபம். ஆயிரக்கணக்கில் என்றால் சிவகாசி ஆஃப்செட் கட்டுப்படியாகும். அங்கே சிஎம்ஒய்கே எனும் நான்கு நிற மையில் அச்சாவதால் சிவப்பு இன்னும் கொஞ்சம் அடங்கும்; புரூஃப் (மாதிரி அச்சு) பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள். கியூஆர் கோடு குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலம், வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் வெற்றிடம். மாதச் சந்தா கட்டும் சேவையில் உருவாக்க வேண்டாம். சந்தா நின்றால் அச்சடித்த கார்டெல்லாம் செல்லாக்காசு.

கார்டை எங்கே வைப்பது? கானாடுகாத்தானிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பாரம்பரிய விடுதிகளில் கேளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் தேடி வருபவர் உங்கள் சேலையையும் பார்க்கக்கூடியவர்தான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்கும் கோயில் படைப்புக்கும் ஊருக்கு வருகிறவர்களை மறக்க வேண்டாம். திரும்பிப் போன பிறகும் வாங்கப் போவது அவர்கள்தான், வெப்சைட் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

வெப்சைட்டில் படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, 300 கேபிக்குள் ஏற்றுங்கள். பிரிண்டுக்கான பெரிய கோப்பை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். ஒவ்வொரு சேலைக்கும் தனிப் பக்கம் வேண்டும். தலைப்பில் ‘மயூரி 07’ என்று இருந்தால் யார் தேடுவார்கள்? ‘காரைக்குடி கண்டாங்கி காட்டன் சேலை, அரக்குச் சிவப்பு, கட்டம்’ என்று எழுதுங்கள், ஆங்கிலத்திலும் ஒருமுறை. நீளம், அகலம், ரவிக்கைத் துணி உண்டா, முதல் சலவையில் சாயம் போகுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கூகுள் முக்கியமாகப் படிப்பது எழுத்தைத்தான். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லலாம். ஆனால் அந்த முத்திரையைப் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். விசைத்தறிச் சேலையை அந்தப் பெயரில் விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். இன்றைக்கே தொடங்குங்கள். கடைப் பெயரும் போன் எண்ணும் கார்டிலும் வெப்சைட்டிலும் அங்கேயும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். வாங்கியவர்களிடம் ரிவ்யூ கேளுங்கள், அதற்குத் தள்ளுபடி தராதீர்கள். கூகுள் விதி அதை அனுமதிக்காது. சர்ச் கன்சோல் என்ற இன்னொரு இலவச வசதி, எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும். ‘முதல் இடத்தில் கொண்டு வருகிறோம், உத்தரவாதம்’ என்று போன் செய்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

விளம்பரம்? இப்போது வேண்டாம். பத்துச் சேலைகளைப் புதிதாகப் படமெடுத்துப் பக்கங்களை மாற்றுங்கள், இரண்டு மூன்று மாதம் சர்ச் கன்சோலைக் கவனியுங்கள். மக்கள் தேடும் சொல் எது, எந்தச் சேலைப் பக்கத்துக்கு அதிகம் வருகிறார்கள் என்பது தெரிந்த பிறகு, அந்த ஒரு சேலைக்கு மட்டும் சிறு தொகை போட்டுப் பார்க்கலாம்.