மதியம் மிதக்கும் சேறு: ஏரேஷனைக் கூட்டாதீங்க

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல மதியம் சேறு மிதந்தா ஏரேஷனை, அதாவது தொட்டிக்குக் காத்து ஊதுறதைத் தொடாதீங்க. படிஞ்ச சேற்றை ஏரேஷன் தொட்டிக்கே திருப்பி அனுப்புற ரிட்டர்ன் சேற்றுப் பம்பைக் கூட்டுங்க. காலையில தெளிவா இருந்து, மதியத்துக்கு மேல செகண்டரி கிளாரிஃபையர்ல (ஏரேஷனுக்கு அடுத்து சேறு படியுற தொட்டியில) சேறு கட்டி கட்டியா மிதந்து ஆத்துக்குப் போகுதுன்னா, பெரும்பாலும் அடியில சேறு ரொம்ப நேரம் தங்குது. ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா நைட்ரேட்டை உடைக்கும். வர்ற நைட்ரஜன் குமிழ் சேற்றைத் தூக்கிட்டு மேல வரும். வெயில் ஏறினா இன்னும் வேகம்.

ஏரேஷன் தொட்டித் தண்ணியை 1 லிட்டர் அளவுக் குடுவையில ஊத்தி அசைக்காம வைங்க. 30 நிமிஷத்துல நல்லா படிஞ்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள மொத்தமா எழும்பினா இதேதான். குச்சியால லேசா கிண்டினா குமிழ் விட்டுட்டுத் திரும்ப அமுங்கும், பாருங்க.

30 நிமிஷத்துலயே படியலைன்னா கதை வேற. அது பெரும்பாலும் இழை இழையா வளர்ற பாக்டீரியாவோட வேலை. அப்போ காத்து போதுமான்னு பார்க்கணும்.

பம்பை ஒரேயடியா திறக்காதீங்க, கிளாரிஃபையரே கலங்கிடும். கிளாரிஃபையர் அடியில சேற்றை வழிக்கிற ஸ்க்ரேப்பரோட ரப்பர் தேஞ்சிருக்கான்னும் பாருங்க. எங்க பிளான்ட்ல மூணு வாரம் தலையைப் பிச்சுக்கிட்டது அதுக்குத்தான்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட 2017 அறிவிக்கைப்படி பெருநகரம் அல்லாத ஊருக்கு, வெளியேத்துற தண்ணியில பிஓடி (கழிவை உடைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படுற ஆக்சிஜன் அளவு) வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தந்த அனுமதி ஆணையில அதைவிடக் குறைவா இருந்தா அதுதான் கணக்கு.