நகரத்து வேலையை விட்டுவிட்டு, கொங்குப் பக்கம் நிலம் வாங்கித் தற்சார்பாக வாழ முடியுமா?

கேள்வி கேட்டவர் கோவையில் வேலை பார்க்கிறார். காங்கயம், தாராபுரம் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கி, போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் தாமே விளைவித்துக்கொண்டு வாழ ஆசைப்படுகிறார். அப்படி வாழ்கிறவர்கள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் நிலம், போர், அப்புறம் விவசாயம் என்று நீங்கள் போட்டிருக்கும் வரிசையில் முடியாது. நாங்களும் அதே வரிசைதான் போட்டோம். அதில் எங்கள் பணமும் ஒரு வருஷமும் போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 13 வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வீட்டுக்காரருக்குப் பேட்டர்ன் வேலை. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவோம்; மகள் தூங்கிப் போயிருப்பாள். 2017 தைப்பொங்கல் முடிந்ததும் காங்கயத்துக்குத் தெற்கே நாலு ஏக்கர் மேட்டாங்காட்டுக்கு, அதாவது மானாவாரி நிலத்துக்கு, குடி வந்துவிட்டோம். ஓடு வேய்ந்த சாளை (சின்ன வீடு) ஒன்று, எழுபது அடிக் கிணறு ஒன்று, சுற்றிலும் முள்கிளுவை வேலி. அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்திருந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருஷம். நிலம் விலை குறைந்து கிடைத்ததற்குக் காரணமே அதுதான் என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

சித்திரையில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. பதறிப்போய் போர் போட முடிவு செய்தோம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து வடகிழக்கு மூலையைக் காட்டினார். திருச்செங்கோட்டு போர் வண்டி வந்து நின்றது. எழுபது, எண்பது அடிக்குக் கீழே வெறும் பாறை. ராத்திரி முழுக்க வண்டி ஓடியது. 400 அடியில் கொஞ்சம் ஈரப்பொடி வந்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் அதை அள்ளிக்கொண்டு வந்து, டார்ச் வெளிச்சத்தில் என் கையில் வைத்தார். சில்லென்று இருந்தது. பத்தடி தாண்டியதும் மறுபடி காய்ந்த பொடி. விடியும்போது 850 அடி. கொட்டமுத்து (ஆமணக்கு)ச் செடி, மாடு கட்டும் கட்டுத்தரையின் ஓடு, மகளின் தலைமுடி என்று எல்லாவற்றின் மேலும் பாறைமாவு சாம்பலாகப் படிந்திருந்தது. பத்து நாள் கழித்து இன்னொரு மூலையில் 1,100 அடி. அங்கேயும் மாவுதான் பறந்தது. இரண்டுக்கும் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

எங்கள் பக்கம் பூமிக்கு அடியில் இருப்பது கடும்பாறை. ஆற்றுப்படுகை மணல் மாதிரி அது தண்ணீரைத் தேக்கி வைக்காது. பாறையில் வெடிப்பு இருந்தால் அந்த வெடிப்பில் மட்டும் தண்ணீர் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைந்துகொண்டே போகும். நூறு அடி தள்ளிப் பக்கத்துக் காட்டில் தண்ணீர் வந்தது என்பதால் நம் காட்டிலும் வரும் என்று சொல்ல முடியாது. அப்படியே வந்தாலும் எத்தனை வருஷத்துக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது போர் போட்ட அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வந்து வேலியோரம் நின்று பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டி போனதும் என்னிடம் கேட்டார்: "ஏன் அம்மிணி, அத்தன ஆழத்துல தண்ணி வந்திருந்தாலும் எதுக்கு உனக்கு? நாலு ஏக்கருக்கும் வாழை வெக்கப் போறியா?" நான் பதில் சொல்லவில்லை. "இந்தக் காட்டுல நாங்க சோளமும் கம்பும் வெதச்சு, ஆடு மாடு வெச்சுத்தான் நாலு புள்ளைகளக் கட்டிக் குடுத்தோம். வாய்க்காத் தண்ணிக்காரங்க பண்ணயம் வேற, நம்ம பண்ணயம் வேற" என்றார்.

நாங்கள் இங்கே நிலைத்ததற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று மனசார நம்புகிறேன். அதற்குப் பிறகு ஒரு போர்கூடப் போடவில்லை. வானத்திலிருந்து வருவது எவ்வளவு என்று கணக்குப் போட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் இங்கே வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை. கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். குறைவுதான், ஆனால் ஒரு ஏக்கரில் 600 மில்லிமீட்டர் விழுந்தால் 24 லட்சம் லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் மட்டும் 55,000 லிட்டர் விழுகிறது. நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 7,300 லிட்டர்தான். கூரைத் தண்ணீரைப் பிடிக்க 10,000 லிட்டர் தொட்டி கட்டினோம். வரப்புகளை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினோம். மேட்டிலிருந்து ஓடி வரும் மழைத்தண்ணீரை ஒரு வண்டல் குழியில் தேக்கி, தெளிந்ததைக் கிணற்றுக்குள் விட்டோம். மூன்றாவது வருஷம் சித்திரையிலும் கிணற்றில் இடுப்பளவு நின்றது. மாட்டுக்கும், வீட்டுக்கும், 15 சென்ட் காய்கறிக்கும் அது போதும். அதற்கு மேல் கிணற்றிடம் நாங்கள் கேட்பதில்லை.

நாலு ஏக்கரில் இரண்டு ஏக்கரைக் கொரங்காடாகவே விட்டிருக்கிறோம். கோவைக்காரர் என்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்த மேய்ச்சல் காடுதான் கொரங்காடு. உழவு வேண்டாம், பாசனம் வேண்டாம். ஒரு காட்டில் மேய்ந்து முடிந்ததும் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டில் விடுவோம். ஒரு மழை விழுந்தால் மேய்ந்த புல் மறுபடி எழுந்துவிடும். கோடையில் புல் தீர்ந்தால் வெள்வேலங்காய் உதிரும், ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்றே வயிற்றை நிரப்பும். காங்கயம் மாடு இந்தக் காட்டுக்கென்றே வந்த மாடு. கன்று செவலையாக (செந்நிறமாக)ப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாக (சாம்பல் நிறமாக) மாறும். முதல் கன்று அப்படி மாறியபோது என் மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டுத்தரைக்குப் போய், இன்றைக்கு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கழுத்து ரோமத்தை விலக்கிப் பார்ப்பாள். பால் குறைவுதான், கன்றுக்குப் போக வேளைக்கு ஒரு லிட்டர். எங்களுக்கு மோரும் நெய்யும் அதில் தாராளம். பால் சொசைட்டிக்கு ஊற்றிச் சம்பாதிக்க வேண்டுமென்றால் கலப்பின மாடு வேண்டும். அதற்குப் பசுந்தீவனம் வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். மறுபடி போரில்தான் போய் நிற்போம்.

மீதி நிலத்தில் ஆடிப்பட்டத்தில் கடலைக்காய், ஊடே துவரையும் தட்டைப்பயறும். ஐப்பசியில் மாட்டுக்குச் சோளம், ஓரமாகக் கொள்ளு. எண்ணெய்க் கணக்கு சொல்கிறேன், உபயோகமாக இருக்கும். 40 கிலோ மூட்டை கடலைக்காயை உரித்தால் 28 கிலோ பருப்பு வரும், செக்கில் ஆட்டினால் 11 லிட்டர் எண்ணெய். மூன்று மூட்டை இருந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் ஓடிவிடும். புண்ணாக்கு மாட்டுக்கு. அரை ஏக்கர் மானாவாரி அதற்குப் போதும். பருப்பு, கொள்ளு, எண்ணெய், பால், முட்டை, கீரை, கத்திரி, சுரைக்காய், எல்லாம் எங்கள் காட்டிலிருந்து. அரிசி மட்டும் விளையாது. கோபிப் பக்கம் சொந்தக்காரர்கள் கீழ்பவானி வாய்க்காலில் நெல் போடுகிறார்கள். எண்ணெயும் கொள்ளும் கொடுத்து அவர்களிடம் அரிசி வாங்கிக்கொள்கிறோம். வேண்டியதை எல்லாம் நாமே விளைவிப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எந்தக் காலத்திலும் யாரும் அப்படி வாழ்ந்ததில்லை. ஆத்தா வீட்டுக் கடலைக்காயை நாங்கள் போய் ஆய்ந்து கொடுக்கிறோம், எங்கள் காட்டுக்கு அவர்கள் வருகிறார்கள்.

தெரியாத வேலையில் உயிர் போகும் அபாயமும் இருக்கிறது. இரண்டாம் வருஷம் சோளத்தை அறுத்தபின் கட்டையில் துளிர் விட்டிருந்தது. மழை இல்லாமல் வாடிய இளங்குருத்து. பச்சையாக இருக்கிறதே என்று நான்தான் பசுவை அவிழ்த்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அது தள்ளாடி, வாயில் நுரை தள்ளி, முன்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. வாடிய சோளக்குருத்தில் சயனைடு விஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர் வந்து நரம்பில் ஊசி போட்டதால் பிழைத்தது. அன்று ராத்திரி முழுக்க அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டுத்தரையில் உட்கார்ந்திருந்தேன். இங்கே பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. அதனால்தான் சொல்கிறேன்: நிலம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வருஷமாவது இந்தப் பக்கம் வாடகைக்குக் குடியிருந்து, யாராவது ஒருவர் காட்டில் கூடவே வேலை செய்யுங்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் தொடங்கிய வானகம் பண்ணையில் பயிற்சி தருகிறார்கள், போய் வாருங்கள். ஆனால் சில நாள் பயிற்சி ஒரு வருஷத்துக்கு ஈடாகாது.

பணம். நிலத்திடம் சோறு கேளுங்கள், முதல் ஐந்து வருஷம் பணம் கேட்காதீர்கள். எங்களுக்கு மாதம் 14,000 ரூபாய் ரொக்கமாக வேண்டும்: பள்ளி, மருந்து, பெட்ரோல், விசேஷங்களுக்குச் செய்யும் செய்முறை. இரண்டு பனியன் கம்பெனிகளுக்குக் காஸ்டிங் (விலைக் கணக்கு) வேலையை வீட்டிலிருந்தே செய்து தருகிறேன். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிடாய்க்குட்டிகள் கன்னிவாடிச் சந்தைக்குப் போகும். சரியாக இருக்கிறது, மிச்சம் பெரிதாக இல்லை.

இப்போது எங்களை மிகவும் வருத்துவது நாய்த்தொல்லை. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போடுகின்றன. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு ஒரே ராத்திரியில் ஏழு ஆடுகள் போயின. நான்கு சினையாடுகள். பட்டிக்கு ஆளுயரக் கம்பி வலை போடும் செலவை முதல் நாளே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-ல் பல்லடம் பக்கமும் 2025-ல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்களைக் கொலை செய்த சம்பவங்கள் நடந்தன. கொங்கில் வீடுகள் காட்டுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு இல்லாத இடத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

பத்திர விஷயத்தில் பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். நீங்கள் நேரில் பார்க்க வேண்டியது இரண்டு: தடமும் கிணறும். வண்டி போகும் தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, இல்லை பக்கத்துக்காரர் தயவில் போகிறதா? இட்டேரியில் (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் பாதையில்) டிராக்டர் நுழையுமா? கிணற்றில் உங்களுக்கு முழு உரிமையா, நாலில் ஒரு பங்கா, முறை எத்தனை நாளுக்கு ஒரு தரம்? வாய்க்கால் பாசனம் என்று விற்றால், பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுவதையும், உங்கள் மண்டலத்துக்கு வருஷா வருஷம் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நொய்யல் கரையோரம் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று போனால், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2011-ல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அந்த ஆறு பாழாகியிருந்தது. பனியன் தொழிலில் சோறு தின்றவள் நான், இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நிலம் பார்க்கக் கார்த்திகையில் வராதீர்கள். அப்போது எல்லாக் காடும் பச்சையாகத்தான் இருக்கும். சித்திரைக் கடைசியில், மத்தியான வெயிலில் வாருங்கள். விற்கிறவர் கிணற்றைப் பார்ப்பதோடு, சுற்றியுள்ள நாலு கிணறுகளையும் எட்டிப் பாருங்கள். அந்தக் காட்டுக்காரர்கள் ஒரு சொம்பு மோர் கொடுப்பார்கள், உட்கார்ந்து குடித்துவிட்டு, 2017-ல் மாட்டுக்கு எங்கிருந்து தண்ணீர் கொண்டுவந்தீர்கள் என்று கேளுங்கள்.