உகாண்டாவுக்குப் போகுமுன் என்ன ஊசி?

கேள்வி: என் கணவருக்கு உகாண்டாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் பயணம். என்னென்ன தடுப்பூசி போட வேண்டும்?
– வாசகி, ஹட்டன்

பதில்: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடலாம். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். ஊசி போட்டதற்குச் சான்றாக ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள்; ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அது செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடினால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். அட்டையிலுள்ள பெயரும் இலக்கமும் கடவுச்சீட்டோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரும்பி வரும்போது கட்டுநாயக்கவிலும் அது தேவைப்படும். முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர், 60 வயது தாண்டியவர், ஸ்டீரொயிட் மருந்து எடுப்பவர் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஊசியை விட நாங்கள் பயப்படுவது மலேரியாவுக்குத்தான். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகிவிட்டதால் நம்மவர் பலர் அதை மறந்தே போனார்கள். இதற்குக் குளிசை உண்டு. அரசின் மலேரியா தடுப்பு இயக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். டொக்சிசைக்கிளின் என்ற குளிசையைக் கொடுத்தால் பயணத்துக்கு முதல் நாளே தொடங்கி, தினமும் ஒன்று, நாடு திரும்பியும் 4 வாரம் விடாமல் குடிக்க வேண்டும். வந்திறங்கியதும் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு: ஈரலில் பதுங்கிய கிருமி பிறகுதான் இரத்தத்துக்கு வரும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும். இல்லையேல் தொண்டைக்குக் கீழே புண்ணாகும்.

மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. மருந்தூட்டிய வலை ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். திரும்பி ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டொக்டரிடம் முதல் வார்த்தையே “உகாண்டாவில் இருந்தேன்” என்பதாக இருக்கட்டும்.