சேஃப்டி ஷூ வேண்டாம் என்று சான்று தருவீர்களா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 43. பதினெட்டு வருடமாக சென்ட்ரிங் வேலை. இத்தனை நாளும் ரப்பர் செருப்புதான் போட்டேன். நான்கு மாதம் முன்பு சேர்ந்த சைட்டில் சேஃப்டி ஷூ கட்டாயம் என்று சொல்லி எனக்கு 8ஆம் நம்பர் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தொல்லைதான். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. இடது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. விரலிடுக்கில் தோல் வெந்து உரிகிறது. எக்ஸ்ரே பார்த்து எலும்பு வளர்ந்திருக்கிறது, ஊசி போடலாம் என்கிறார்கள். நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இன்ஜினியர் போனதும் ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாறிவிடுவேன். ஷூ போடக் கூடாது என்று சான்று தருவீர்களா? இல்லை, சொந்தமாக வாங்கத்தான் வேண்டும் என்றால் 1500 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

பதில்: அந்தச் சான்றைத் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்ட்ரிங் தட்டு பிரித்த இடத்தில் ஆணி மேலே பார்த்து நிற்கும் பலகை எத்தனை கிடக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ரப்பரைத் துளைத்து ஏறும் ஆணி அதிலுள்ள அழுக்கையும் ரப்பர் துணுக்கையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுகிறது. வெளியே பார்த்தால் மிளகு அளவு ஓட்டை, உள்ளே சீழ். இப்படிப்பட்ட குத்தில் சூடோமோனாஸ் என்ற கிருமி எலும்பையே பிடிப்பதுண்டு. வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகள் பல அதற்குக் கேட்காது. சர்க்கரை உள்ளவருக்கு இது விரலையோ பாதத்தையோ எடுக்கும் அளவுக்குப் போகலாம். ஆகவே செருப்புக்குத் திரும்புவது பற்றிப் பேச வேண்டாம்.

அதே சமயம் நீங்கள் சொல்லும் வலி பொய்யில்லை. கடிக்கிற ஷூவை யாரும் நாள் முழுக்கப் போடமாட்டார்கள். இன்ஜினியர் தலை மறைந்ததும் கழற்றும் ஷூவால் யாருக்குப் பாதுகாப்பு? உங்கள் ஷூ உங்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் நகம். கட்டைவிரல் ஷூவின் முன்பக்கம் போய் இடித்தால் நகத்தடியில் ரத்தம் கட்டும். ஏணியில் இறங்கும்போதும் சாரத்தில் இறங்கும்போதும் பாதம் முன்னால் வழுக்கும். சாதாரண ஷூவானால் தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சேஃப்டி ஷூவின் முன்பக்கம் விரலை மூடியிருக்கும் ஸ்டீல் தொப்பி கொடுக்காது. "போடப் போடப் பழகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வது மேல்தோலுக்குப் பொருந்தும், இரும்புக்குப் பொருந்தாது. எனக்குத் தெரிந்து உங்களுக்கு நீளமும் போதவில்லை, அகலமும் போதவில்லை. பல வருடம் செருப்பில் இருந்த பாதம் பெரும்பாலும் முன்பக்கம் விரிந்திருக்கும். அதைக் குறுகலான அச்சில் செய்த ஷூவில் திணித்தால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வியர்வை காயாமல் சேற்றுப்புண் வரும்.

குதிகால் வலிக்குக் காரணம் வளர்ந்த எலும்பு இல்லை. வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அந்த முள் தெரியும். குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை இழுபட்டு நொந்துபோவதுதான் வலி. ராத்திரி முழுக்க அது சுருங்கிக் கிடக்கிறது, காலையில் முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. பத்து அடி நடந்தால் கொஞ்சம் விட்டுவிடுகிறது, இல்லையா? கெட்டியான சோலோடு கான்கிரீட் தளத்தில் எட்டு மணி நேரம் நின்றால் நார் நோகத்தான் செய்யும்.

ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியும், நார் அறுந்துபோகவும் கூடும். பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சியிலும் சரியான ஷூவிலுமே சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. காலையில் பாயை விட்டு எழுவதற்கு முன்பே, வலிக்கும் காலை மறு முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் உங்கள் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணுங்கள். பத்து முறை செய்த பிறகு கால் ஊன்றுங்கள். சாயங்காலம் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்கால் இழுபட 30 விநாடி நில்லுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டச் சொல்வார்கள். நல்ல வைத்தியம்தான். ஆனால் சர்க்கரை இருப்பதால், பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் நைலான் இழையால் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே அதைச் செய்யுங்கள். வெந்நீர் ஒத்தடத்துக்கும் இதே எச்சரிக்கை. மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

இனி கடைக்குப் போவோம். சாயங்காலம் வேலை முடிந்த கையோடு போங்கள். அந்நேரம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஷூவும் அந்தப் பாதத்துக்குத்தான் தேவை. (நான் ஒருமுறை காலையில் போய் வாங்கிய ஷூ ஆறு மாதம் பெட்டியிலேயே கிடந்தது, டாக்டருக்கும் கால் வீங்கும்.) வேலைக்குப் போடும் சாக்ஸை எடுத்துப்போங்கள். ஷூவுக்குள் இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பக்கவாட்டில் பாதம் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதைக் கவனியுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்குப் பார்த்து வாங்குங்கள். 8ஆம் நம்பரா 9ஆம் நம்பரா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நம்பரை மறந்துவிட்டுக் காலை நம்புங்கள். போட்டுக்கொண்டு கடையிலேயே படியிருந்தால் ஏறி இறங்குங்கள், குந்தி உட்காருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் அதுதான் உங்கள் நகத்தைக் கறுக்கவைத்த இடி.

ஷூவை இரு கையாலும் மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் அப்பளம் மாதிரி மடங்கினால் உங்கள் நாருக்கு அது எதிரி.

சோல் விஷயத்தில் விலை குறைந்த பிவிசி சோல் கெட்டியாகவும் கனமாகவும் இருக்கும். உங்கள் குதிகாலுக்கு பியூ (பாலியூரித்தேன்) சோல்தான் ஏற்றது: லேசானது, மிதித்தால் மெத்தென்று இருக்கும். உள்ளே மெதுவாகவும் தரைப்பக்கம் கெட்டியாகவும் இரண்டு அடுக்கில் வருவது இன்னும் நல்லது. உங்கள் 1500க்குள்ளேயே கிடைக்கும். ஒரு குறை உண்டு, பியூ ஈரக்காற்றில் நாளாக ஆகச் சிதையும். பல வருடம் குடோனில் கிடந்த ஷூ பார்க்கப் புதிதாக இருக்கும், போட்டதும் சோல் பொடிப்பொடியாக உதிரக்கூடும். தயாரித்த மாதமும் வருடமும் ஷூவிலேயே குறித்திருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். தார் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் பியூவைத் தவிர்க்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு நைட்ரைல் ரப்பர் சோல்தான் தாங்கும்.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15298 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அதில் இரண்டாம் பகுதி என்றிருந்தால் முன் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும், அதாவது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் 20 கிலோ. ஆனால் சென்ட்ரிங்காரருக்கு அதைவிட முக்கியமானது அடியில் இருக்கும் ஆணித் தகடு. பலர் இதைக் கேட்பதே இல்லை. 'எஸ்1' என்று மட்டும் போட்டிருந்தால் தகடு கிடையாது. 'எஸ்1பி' அல்லது 'எஸ்3' என்று கேட்டு வாங்குங்கள். தகடு இரும்பில் இருந்தால் எந்த ஆணியையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் விறைப்பாக இருக்கும். நெய்த துணி அடுக்கில் இருந்தால் நன்றாக வளையும், ஆனால் மெல்லிய ஆணி அதில் நுழைய வாய்ப்பு சற்று அதிகம். இரண்டையும் போட்டு நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரும்பை எடுப்பேன். எது போட்டிருந்தாலும் ஆணி ஏறிவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

சேற்றுப்புண்ணுக்கு க்ளோட்ரிமசோல் களிம்பைக் காலையும் இரவும் நான்கு வாரம் போடுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். மெடிக்கலில் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம், முதல் மூன்று நாள் அருமையாகக் கேட்கும், அப்புறம் பூஞ்சை இரண்டு மடங்காகப் பரவும். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். பாலியெஸ்டர் கலந்த தடித்த சாக்ஸ் நல்லது. மதியச் சாப்பாட்டின்போது காலைத் துடைத்து வேறு ஜோடிக்கு மாறுங்கள். ராத்திரி ஷூவுக்குள் பழைய பேப்பரைச் சுருட்டி வைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். காலையில் போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சர்க்கரைக்காரர் காலில் ஒரு கல் நாள் முழுக்க உறுத்தினாலும் தெரியாமல் போவதுண்டு.

கான்கிரீட் போடும் நாளில் இந்த ஷூ போதாது, கம்பூட்ஸ்தான். ஈர சிமென்ட் கடும் காரம், தோலைப் பொசுக்கும். அப்போது வலிக்காது, மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே சொருகினால் கலவை நேராகக் காலில் இறங்கும். உள்ளே போய்விட்டால் உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள்.

நகத்தைச் சுற்றிச் சிவந்தால், சீழ் வந்தால், விரலிடுக்குப் புண்ணிலிருந்து பாதம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், ஷூ பற்றி யோசிக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாத சராசரி சர்க்கரையையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சரி, சான்று. நீங்கள் கேட்டதை நான் தரவில்லை. ஆனால் பாத உணர்ச்சி பார்க்கப் போகிறீர்கள் அல்லவா, அந்த மருத்துவரிடமே கேளுங்கள்: "இவருக்கு நீரிழிவும் குதிகால் நார் வலியும் உள்ளன. அகலமான அச்சில், பாதத்தை அளந்து, ஆணித் தகடு உள்ள ஷூ தரவும்." அந்தத் தாளை மேஸ்திரியிடம் கொடுங்கள். பாதுகாப்பு ஷூ வாங்கித் தருவது வேலை தருபவரின் பொறுப்பு. கொடுத்ததை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. மாற்றித் தந்துவிட்டால் அந்த 1500 ரூபாயில் நான்கு ஜோடி நல்ல சாக்ஸ் வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.